'6 மாதத்தில் யுஎக்ஸ் டிசைனர்' விளம்பரத்தை நம்பி பணம் கட்டலாமா? டிஜிட்டல் புராடக்ட் டிசைன் வேலையின் உண்மை நிலவரம்

"6 மாசம் படிங்க, கோடிங் தேவையில்லை, ஐடி வேலை கன்ஃபார்ம்!"

இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கம் போனால் யுஐ-யுஎக்ஸ் டிசைன் பயிற்சி பற்றிய இப்படியான விளம்பரங்கள் கண்ணில் படாமல் இருக்காது. பி.காம் முடித்தவர், விஸ்காம் முடித்தவர், இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடுபவர் என எல்லோரையும் இவை குறிவைக்கின்றன. கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். கையில் பணம் இல்லையா? 'இஎம்ஐ வசதி உண்டு' என்பார்கள்.

இன்னொரு பக்கம், ஒரு வரி டைப் செய்தால் போதும், ஒரு ஆப்புக்கான திரைகளை ஏஐ கருவிகள் நிமிடங்களில் வரைந்து கொடுத்துவிடுகின்றன. அப்படியென்றால் இந்த வேலை நிலைக்குமா? இதை நம்பி வீட்டுப் பணத்தைப் போடலாமா? உண்மையில் ஒரு புராடக்ட் டிசைனர் என்னதான் செய்கிறார்? விரிவாகப் பார்க்கலாம்.

யுஐ, யுஎக்ஸ், புராடக்ட் டிசைன்: என்ன வித்தியாசம்?

யுஐ என்பது கண்ணுக்குத் தெரியும் திரை. பட்டன், நிறம், எழுத்து, ஐகான் எல்லாம் இதில் வரும். யுஎக்ஸ் என்பது அந்தத் திரை வழியாக ஒருவர் தன் வேலையை முடிக்கும் அனுபவம். இந்தச் சொல்லைப் பிரபலப்படுத்தியவர் டான் நார்மன். 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர் தன் பதவியின் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

புராடக்ட் டிசைனர் இந்த இரண்டையும் பார்ப்பதோடு, 'இந்த வசதி தேவையா? இதனால் மக்களுக்கும் நிறுவனத்துக்கும் என்ன பயன்?' என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 60 வயது அம்மா ஒருவர் மருத்துவமனை டோக்கன் போட ஒரு ஆப்பைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் நம்பர் கேட்கிறது. அவர் கொடுப்பது மகனின் நம்பர். ஓடிபி மகனுக்குப் போகிறது. மகனோ வேலையில் இருக்கிறார். அவர் மெசேஜைப் பார்த்து, அம்மாவுக்கு போன் செய்து எண்ணைச் சொல்வதற்குள் ஓடிபி காலாவதி. திரும்பவும் முதலில் இருந்து. இரண்டு முறை முயன்றுவிட்டு, "இது நமக்கு சரிப்பட்டு வராதுப்பா" என்று அவர் நேரில் போய் வரிசையில் நின்றுவிடுகிறார்.

இந்தத் திரையில் பட்டன் அழகாகவே இருந்திருக்கலாம், நிறமும் சரியாக இருந்திருக்கலாம். ஆனால், வந்த வேலை நடக்கவில்லை.

இங்கே டிசைனர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. டோக்கன் போட ஓடிபி தேவையா? தேவை என்றால் அதன் நேரத்தைக் கூட்டலாமா? 'இது வேறொருவர் நம்பர்' என்று சொல்ல ஒரு வழி வைக்கலாமா? இதை மீட்டிங்கில் சொன்னால், "போலி டோக்கன் போட்டுடுவாங்க" என்று மருத்துவமனை நிர்வாகம் சொல்லும். "பாதுகாப்பு விதி இடம் கொடுக்காது" என்று இன்ஜினீயர் சொல்வார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கும். இதற்கு நடுவே அந்த அம்மாவால் பயன்படுத்த முடிகிற ஒரு வழியைக் கண்டுபிடித்து, வரைந்து, சோதித்து, எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் புராடக்ட் டிசைனரின் வேலை. வரைவது அதில் ஒரு பகுதிதான்.

ஒரே அறிக்கையில் இரண்டு சேதி

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். 1,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கேட்டுத் தயாரித்த அறிக்கை அது. 2030-க்குள் வேகமாக வளரும் என்று எதிர்பார்க்கப்படும் வேலைகளின் பட்டியலில் யுஐ-யுஎக்ஸ் டிசைனர்கள் இருக்கிறார்கள்.

ஆனால், அதே அறிக்கையில் வேகமாகக் குறையும் வேலைகளின் பட்டியலில் கிராஃபிக் டிசைனர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள்.

இரண்டுமே டிசைன் வேலைதானே, எப்படி ஒன்று ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது? 'இப்படி ஒன்று வேண்டும்' என்று சொன்னதும் அதை வரைந்து தருவது ஏஐ எளிதாகப் பிடித்துக்கொள்ளும் வேலை. 'எது வேண்டும்' என்று முடிவு செய்வது அவ்வளவு எளிதில் கைமாறாது. யுஎக்ஸ் என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்தாலும், நாள் முழுக்க பேனரும் ஐகானும் மட்டும் செய்துகொண்டிருந்தால் அவர் நிற்பது இரண்டாவது பட்டியலில்தான். விசிட்டிங் கார்டில் என்ன பெயர் இருக்கிறது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

ஏஐ வந்த பிறகு என்ன மாறியிருக்கிறது?

டிசைனர்கள் அதிகம் பயன்படுத்தும் கருவி ஃபிக்மா. 2012-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தை 20 பில்லியன் டாலருக்கு வாங்கப் போவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதற்காக அடோபி 1 பில்லியன் டாலர் இழப்பீடு கொடுத்தது. 2025 ஜூலையில் ஃபிக்மா பங்குச்சந்தைக்கு வந்தபோது, 33 டாலருக்கு விற்கப்பட்ட பங்கு முதல் நாளே 115 டாலரைத் தாண்டி முடிந்தது.

அதே ஃபிக்மா 2025 மே மாதம் 'ஃபிக்மா மேக்' என்ற ஏஐ வசதியை அறிவித்தது. என்ன வேண்டும் என்று எழுதினால், இயங்கும் மாதிரி ஆப்பையே அது உருவாக்கித் தரும். கூகுளும் அதே மாதத்தில் 'ஸ்டிட்ச்' என்ற கருவியைக் கொண்டுவந்தது.

இதனால் முதலில் அடி வாங்குவது புதிதாக வேலைக்கு வருபவர்கள்தான். முன்பெல்லாம் ஜூனியர் டிசைனருக்கு முதல் சில மாதங்கள் சின்னச் சின்ன வேலைகள் கிடைக்கும். ஒரே திரையை ஐந்து அளவுகளில் மாற்றுவது, ஐகான்களை ஒழுங்குபடுத்துவது, சீனியர் காகிதத்தில் கிறுக்கியதைத் திரையாக்குவது போன்றவை அவை. அந்த வேலைகளைச் செய்துகொண்டே தொழிலைக் கற்றுக்கொள்வார்கள். இப்போது அந்த முதல் படிக்கட்டையே ஏஐ எடுத்துக்கொள்கிறது. 'ஃபிக்மா தெரியும்' என்பது மட்டுமே தகுதியாக இருப்பவருக்குக் கதவு குறுகிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால், மேலே சொன்ன டோக்கன் உதாரணத்தை ஏஐ-யிடம் கொடுத்துப் பாருங்கள். ஓடிபி திரையை அது அழகாக வரைந்து தரும். போன் மகனிடம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு காலத்தில் டிசைனர்கள் கொண்டாடிய 'இன்விஷன்' 2024 டிசம்பருடன் மூடப்பட்டது. 'அடோபி எக்ஸ்டி' வளர்ச்சி இல்லாமல் ஓரங்கட்டப்பட்டது. அவற்றை மட்டும் கற்றவர்கள் திரும்பவும் கற்க வேண்டியிருந்தது. மனிதர்களிடம் பேசி பிரச்னையைக் கண்டுபிடிக்கக் கற்றவர்களுக்குக் கருவி மாறியது பெரிய விஷயமாக இருக்கவில்லை.

எங்கே படிக்கலாம்?

முறையான பட்டப்படிப்பு வேண்டும் என்பவர்களுக்கு மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன.

* யுசீட்: ஐஐடி பம்பாய் நடத்தும் நுழைவுத்தேர்வு. பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடி-களில் பி.டெஸ் படிப்பில் சேர இது வழி. பிளஸ் 2-வில் அறிவியல், வணிகவியல், கலை என எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். அதிகபட்சம் இரண்டு முறைதான், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் எழுத வேண்டும்.
* சீட்: எம்.டெஸ் படிப்புக்கான தேர்வு. இதையும் ஐஐடி பம்பாய்தான் நடத்துகிறது. இன்ஜினீயரிங் முடித்து டிசைனுக்கு வர நினைப்பவர்கள் பலர் தேர்ந்தெடுக்கும் பாதை இது. 1969-ல் தொடங்கப்பட்ட ஐஐடி பம்பாயின் தொழிலக வடிவமைப்பு மையம் இந்தத் துறையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று.
* என்ஐடி: 1961-ல் ஆமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம். இதற்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. பக்கத்து மாநிலமான ஆந்திராவிலும் ஒரு என்ஐடி இருக்கிறது.
* ஜோஹோ ஸ்கூல்ஸ்: கல்லூரிக்குப் போகாமலேயே வேலைக்குத் தயார்படுத்தும் ஜோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி. இதில் டிசைனுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கட்டணம் கிடையாது, மாதந்தோறும் உதவித்தொகை கொடுப்பார்கள். தேர்வு வைத்துத்தான் சேர்ப்பார்கள்.

இணையத்திலும் படிக்கலாம். கூகுளின் யுஎக்ஸ் டிசைன் சான்றிதழ் படிப்பு 2021 முதல் கோர்செராவில் இருக்கிறது. ஃபிக்மா மாணவர்களுக்கு இலவசம். அடிப்படையைப் புரிந்துகொள்ள இவை போதும். ஆனால், சான்றிதழைப் பார்த்து மட்டும் யாரும் வேலை கொடுப்பதில்லை.

தனியார் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்...

தனியார் பயிற்சி எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் வருடக்கணக்கில் தடுமாறுவது மிச்சமாகும். ஆனால், கையெழுத்துப் போடும் முன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

1. பாடம் எடுப்பவர் யார்? ஏதாவது ஒரு ஆப் அல்லது மென்பொருள் குழுவில் டிசைனராக வேலை பார்த்தவரா? அல்லது அதே பயிற்சி மையத்தில் படித்துவிட்டு அங்கேயே ஆசிரியராகிவிட்டவரா?
2. முன்பு படித்தவர்களின் போர்ட்ஃபோலியோவைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேரும் ஒரே உணவு டெலிவரி ஆப்பை, ஒரே வரிசையில் செய்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். வேலைக்கு எடுப்பவர்களும் அதையேதான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
3. '100% பிளேஸ்மென்ட்' என்றால் என்ன? வேலையா, இன்டர்வியூ ஏற்பாடு மட்டுமா? எந்தப் பதவி? எழுத்தில் கொடுப்பார்களா?
4. இஎம்ஐ என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். பாதியில் வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது. தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோர் அடிபடும்.
5. பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம்?

"அதெல்லாம் சேர்ந்த பிறகு பேசிக்கலாம் சார்" என்று பதில் வந்தால், சேராமல் இருப்பதே நல்லது.

வேலை கொடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

இந்தத் துறையில் போர்ட்ஃபோலியோதான் உங்கள் பயோடேட்டா. நீங்கள் செய்த இரண்டு, மூன்று வேலைகளை விளக்கும் ஒரு இணையப் பக்கம் போதும். பதினைந்து அழகான திரைகளைவிட, ஒழுங்காக விளக்கப்பட்ட ஒரு பிரச்னைக்கு மதிப்பு அதிகம்.

அந்த டோக்கன் ஆப்பையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் மருத்துவமனையில் காத்திருக்கும் 5 பேரிடம் பேசுங்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஒரு வடிவமைப்பில் இருக்கும் பிரச்னைகளில் பெரும்பகுதியை 5 பேரிடம் சோதித்தாலே கண்டுபிடித்துவிடலாம் என்று யுஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். எங்கே தடுமாறினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் மாற்று வழிகளை வரையுங்கள். அவர்களிடமே திரும்பக் காட்டுங்கள். எது பலிக்கவில்லை, ஏன் அதைக் கைவிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்டர்வியூவில் இதைத்தான் தோண்டுவார்கள். "இந்த பட்டனை ஏன் கீழே வெச்சீங்க?", "வேற வழி யோசிச்சீங்களா?", "இன்ஜினீயர் முடியாதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்பது போன்ற கேள்விகள் வரும். சில நிறுவனங்கள் ஒரு ஆப்பைக் காட்டி அதன் குறைகளைச் சொல்லச் சொல்வார்கள். இன்னும் சில இடங்களில், வீட்டில் செய்துவரச் சொல்லி ஒரு வேலை கொடுப்பார்கள். அது ஒரு வாரத்துக்கும் மேல் இழுக்கும் அளவுக்கு இருந்தால், அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

தமிழ் தெரிந்தால் என்ன லாபம்?

இது பலரும் கவனிக்காத ஒரு பலம்.

ஆங்கிலத்தில் 6 எழுத்தில் முடிந்துவிடும் 'சப்மிட்' பட்டன், தமிழில் 'சமர்ப்பிக்கவும்' ஆகும்போது பெட்டியைத் தாண்டி ஓடும் அல்லது பாதியில் வெட்டுப்படும். மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் வரிகளுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இதைச் சரிசெய்ய பட்டனைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. 'சமர்ப்பிக்கவும்' என்பதற்குப் பதில் 'அனுப்பு' என்று எழுதலாமே என்று யோசிக்க, தமிழில் யோசிக்கத் தெரிந்தவர் வேண்டும். 'கடவுச்சொல்' புரியுமா, 'பாஸ்வேர்டு' புரியுமா என்பதை மதுரையிலும் தருமபுரியிலும் நேரில் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

சட்டமும் இந்தப் பக்கம் தள்ளுகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் தகவலை எடுக்க ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அந்த 22-ல் தமிழும் ஒன்று.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகலும் இப்போது விருப்பம் சார்ந்தது இல்லை. ஆன்லைன் கேஒய்சி-யில் 'கண் சிமிட்டுங்கள்' என்று கேட்பதால் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாமல் இருந்தார்கள். இது தொடர்பான வழக்கில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல் என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. ஒரு திரையை வடிவமைத்தவர் யோசிக்காமல் விட்ட விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

'ஏமாத்துற மாதிரி டிசைன் பண்ணு' என்றால்?

வேலையில் சேர்ந்த பிறகு வரும் சிக்கல் இது. "கேன்சல் பட்டன் கண்ணுல படக்கூடாது", "டிக் ஏற்கெனவே போட்டே இருக்கட்டும்" என்று மேலிருந்து சொல்வார்கள். இப்படி மக்களைத் தெரியாமல் சிக்கவைக்கும் வடிவமைப்புக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் நிபுணர் 2010-ல் வைத்த பெயர் இது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகையான டார்க் பேட்டர்ன்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலேயே கார்ட்டில் பொருளைச் சேர்ப்பது, கடைசி நிமிடத்தில் புதுக் கட்டணம் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் செய்வது எல்லாம் அதில் அடக்கம்.

அமெரிக்காவில் ப்ரைம் சந்தாவில் சேர்ப்பது, அதிலிருந்து விலகுவது தொடர்பான வழக்கில் அமேசான் 2025 செப்டம்பரில் 2.5 பில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், சந்தாவை மறுப்பதற்குத் தெளிவான பட்டன் வைக்க வேண்டும் என்பது சமரசத்தின் நிபந்தனைகளில் ஒன்று. 'எனக்கு இலவச டெலிவரி வேண்டாம்' என்று மனசு உறுத்தும்படி எழுதிய பட்டன் இனி கூடாது.

ஜூனியராக இருக்கும்போது மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்வது எளிதில்லை. ஆனால், "இது ஆணையத்தின் பட்டியலில் இருக்கு சார், புகார் வந்தா நம்ம கம்பெனிக்குத்தான் சிக்கல்" என்று மெயிலில் எழுதிவைக்க முடியும். அந்தப் பட்டியலைப் படித்திருந்தால்தான் அப்படி எழுத முடியும்.

வேலைக்குச் சேர்ந்தால் எப்படி வளரலாம்?

சொந்தமாக மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்கள், வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கும் ஐடி சேவை நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்களின் இந்திய மையங்கள், ஸ்டார்ட்-அப்கள் என நான்கு வகை இடங்களில் வேலை இருக்கிறது. சென்னையில் பிறந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போன ஃபிரெஷ்வொர்க்ஸும், ஜோஹோவும் முதல் வகை. அங்கே ஒரே மென்பொருளை வருடக்கணக்கில் செதுக்கலாம். சேவை நிறுவனத்தில் பல துறைகளைப் பார்க்கலாம், ஆனால் செய்தது மக்களுக்கு உதவியதா என்று தெரிவதற்குள் அடுத்த புராஜெக்ட் வந்துவிடும். ஸ்டார்ட்-அப்பில் எல்லா வேலையும் உங்கள் தலையில். கற்பது அதிகம், நிலைத்தன்மை குறைவு.

சில ஆண்டுகளில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று, குழுவை நடத்தும் மேலாளர். இன்னொன்று, கடினமான பிரச்னைகளைத் தானே தீர்க்கும் 'லீட்' அல்லது 'பிரின்சிபல்' டிசைனர். ஆட்களை நிர்வகிக்கப் பிடிக்காதவர்களும் இரண்டாவது வழியில் உயரலாம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

பணம் கட்டும் முன் மூன்று மாதம் உங்களையே சோதித்துப் பாருங்கள்.

* முதல் மாதம்: ஃபிக்மா அடிப்படைகளை இலவசமாகக் கற்றுக்கொள்ளுங்கள். தினமும் பயன்படுத்தும் ஒரு ஆப்பின் திரைகளை அப்படியே வரைந்து பழகுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது போன்ற அணுகல் விதிகளையும் படியுங்கள்.
* இரண்டாவது மாதம்: உங்கள் தெருவில் ஒரு பிரச்னையைத் தேர்ந்தெடுங்கள். மளிகைக் கடை கடன் நோட்டு, பள்ளி வேன் தகவல், கோயில் மண்டப புக்கிங் என எதுவாகவும் இருக்கலாம். 5 பேரிடம் பேசுங்கள். பேச்சைவிட அவர்கள் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.
* மூன்றாவது மாதம்: தீர்வை வரைந்து, சோதித்து, மாற்றி, அதை ஒரு பக்கமாக எழுதுங்கள். ஏஐ-யைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எந்த முடிவை நீங்கள் எடுத்தீர்கள் என்று மட்டும் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் யோசித்துப் பாருங்கள். தெரியாதவர்களிடம் போய்ப் பேசுவதும், வரைந்ததை நாலு பேர் குறை சொல்லும்போது கேட்டுத் திருத்துவதும் பிடித்திருந்ததா? பிடித்திருந்தால், எந்த வகுப்பில் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், தாராளமாகச் சேருங்கள். பிடிக்கவில்லை என்றால், மூன்று மாத உழைப்போடு போயிற்று. லட்ச ரூபாய் கடன் இல்லை.